சும்மா இருக்க ஒரு கடலோரம்: மெக்சிகோவின் நான்கு சிற்றூர்கள், ஓர் ஒப்பீடு

பத்து முதல் பதினான்கு நாட்கள் ஒரே ஊரில், ஒரே அறையில், கடலுக்கு நடந்து போகும் தொலைவில், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதுவும் கையில் இல்லாமல் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது தேவையானால், மெக்சிகோவில் அதற்கு ஊர் தேர்ந்தெடுப்பது வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும் அளவுக்கு எளிதன்று. மேற்கே பசிபிக், கிழக்கே மெக்சிகோ வளைகுடாவும் கரீபியனும் என அந்நாட்டின் கடற்கரை 11,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதில் பெயர் பெற்ற இடங்களில் பல இன்று சிற்றூர்களே அல்ல. கான்கூனின் விடுதி வரிசை ஒரு தனி நகரம். துலுமும் புவேர்தோ எஸ்கொந்திதோவும் ஊர் என்ற நிலையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டன. சயுலிதா பரப்பளவில் சிற்றூர்தான், கூட்டத்தில் அல்ல. இவற்றை ஒதுக்கிய பின் என் கணக்கில் எஞ்சுபவை நான்கு: கரீபியன் கரையில் கின்தானா ரோ மாநிலத்தின் புவேர்தோ மொரேலோஸ், பசிபிக் கரையில் நயரித் மாநிலத்தின் சான் பாஞ்சோ, ஹலிஸ்கோ மாநிலத்தின் பார்ரா தெ நவிதாத், வஹாக்கா மாநிலத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் மசுந்தேயும் சான் அகுஸ்தினியோவும். கடைசி இரண்டையும் ஒரே தங்கலாகவே எண்ணுகிறேன். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கால் மணி நேர நடைதான்.

சும்மா இருப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் எழுந்து கடலில் இறங்குவது, வெயில் ஏறும்போது நிழலுக்கு வருவது, மதியம் உண்டு உறங்குவது, மாலையில் மறுபடி கரையோரம் நடப்பது, இருட்டிய பின் அலையோசையைத் தவிர வேறெதுவும் காதில் விழாமல் படுப்பது ஆகிய இவை தடைப்படாத ஊரே இதற்கு ஏற்ற ஊர். அப்படிப் பார்த்தால், கரை எவ்வளவு அழகு என்பது முதல் கேள்வியாக இருக்க முடியாது. நீச்சலில் பெரிய தேர்ச்சி இல்லாத ஒருவர் அந்தக் கடலில் நாள்தோறும் அச்சமின்றி இறங்க முடியுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். சிவப்புக் கொடி ஏறிய கரையில் பதினான்கு நாட்கள் உட்கார்ந்திருப்பவருக்குக் கடல், சுவரில் மாட்டிய படத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. இரவில் ஊர் அடங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. போய்ச் சேர எத்தனை வண்டி மாற வேண்டும் என்பதை மூன்றாவதாகத்தான் வைப்பேன், ஏனெனில் அந்த இடர்ப்பாடு ஒரு நாளோடு போய்விடும்.

இந்த முதல் கேள்வியிலேயே இரு கரைகளும் பிரிந்துவிடுகின்றன. மெக்சிகோவின் பசிபிக் கரையின் பெரும்பகுதி திறந்த பெருங்கடலை நேராக எதிர்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எழுந்த அலைகள் தடுப்பின்றி வந்து, செங்குத்தாக இறங்கும் மணற்கரையின் ஓரத்திலேயே மடிந்து உடைகின்றன. அவ்விடத்தில் முழங்கால் அளவு நீரில் நிற்பவரைக் கூடப் புரட்டிப் போட அவற்றால் முடியும். அதற்கு அப்பால் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கிறது. மசுந்தேக்குக் கிழக்கே ஒரு சில கிலோமீட்டரில் உள்ள சிப்போலிதேயின் பெயருக்கு ‘இறந்தவர்களின் கரை’ என்று பொருள் சொல்லும் வழக்கு உண்டு; அந்தச் சொல்விளக்கம் சரியா என்பது வேறு செய்தி, ஆனால் அங்கே மூழ்கியவர்கள் ஏராளம் என்பதும், பிற்காலத்தில் தன்னார்வ உயிர்காப்பாளர்கள் அமைந்த பிறகே அது குறைந்தது என்பதும் மெய். கரீபியன் கரையில், அதுவும் பவளத்திட்டுக்கு உட்பட்ட பகுதிகளில், இந்த அச்சம் பெருமளவு இல்லை.

ஆகவே முதற்பார்வையில் புவேர்தோ மொரேலோஸ்தான் வெல்கிறது. கான்கூன் விமான நிலையத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டியில் அரை மணி நேரம் கூட ஆகாது. பேருந்தில் வந்தால் நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறங்கி, அலையாத்திக் காட்டின் நடுவே போகும் சாலையில் சிறிது தூரம் கடலை நோக்கிச் செல்ல வேண்டும். அந்தக் காடுதான் ஊரை நெடுஞ்சாலையின் இரைச்சலிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. அதில் முதலைகள் உண்டு என்பதால் அவ்வழியே இரவில் உலாப் போவதில்லை. ஊரின் நடுவே ஒரு சதுக்கம், அதன் ஓரத்தில் படகுத்துறை, துறையருகே சாய்ந்து நிற்கும் பழைய கலங்கரை விளக்கம். 1967-இல் வீசிய பியூலா புயல் அதைச் சாய்த்தது. புதிய விளக்கத்தை அருகிலேயே கட்டிக்கொண்ட ஊரார், பழையதை நிமிர்த்தவும் இல்லை, இடிக்கவும் இல்லை, அதையே ஊரின் அடையாளமாக்கிவிட்டார்கள். விடியும் வேளையில் அதன் அடியில் நின்றால், கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழும். அதற்கு முன்னே, கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், கிழித்த பஞ்சு போல ஒரு வெண்கோடு வடக்கு தெற்காக ஓடுவது தெரியும். அலை உடையும் இடம் அதுதான். அதற்கு இப்பால் உள்ள நீர் ஏரியைப் போல் கிடக்கிறது.

அந்த வெண்கோட்டின் அடியில் இருப்பது மெசோஅமெரிக்கப் பவளத்திட்டின் ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவின் பெருந்திட்டுக்கு அடுத்து உலகில் நீளமான தடுப்புத்திட்டு என்று அதைச் சொல்வார்கள். இவ்வூரை ஒட்டிய பகுதி 1998-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. திட்டு இல்லையேல் கரை இல்லை என்பதை உணர்ந்த மாநில அரசு அதற்குக் காப்பீடே எடுத்தது. 2020 அக்டோபரில் டெல்டா புயல் இவ்வூருக்கு அருகே கரையைக் கடந்தபோது கிடைத்த இழப்பீடு, உடைந்து விழுந்த பவளங்களை மீண்டும் ஒட்டும் பணிக்குச் சென்றது. அலையைத் தடுக்கும் சுவராக அந்தத் திட்டு எவ்வளவு முதன்மையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். உயிர்காப்பு அங்கி அணிந்து, வழிகாட்டியுடன் படகில் சென்று, நீரில் மிதந்தபடியே பவளங்களுக்கு இடையே மீன்களைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவரும் செய்யக்கூடியது அது.

பிறகு ஏன் இவ்வூரை உடனே தேர்ந்தெடுத்து முடித்துவிடக் கூடாது? விடை, சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி. 2011 முதல் கரீபியன் பகுதியெங்கும் பெருமளவில் ஒதுங்கத் தொடங்கிய இந்தப் பாசி, 2015-லும் 2018-லும் மெக்சிகோவின் கரீபியன் கரையை மூடியது; அதன் பின் ஆண்டுதோறும் கூடுதலாகவோ குறைவாகவோ வந்துகொண்டேயிருக்கிறது. பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் அதற்கு அப்பாலும் நீடிக்கிறது. கடலில் மிதக்கும்போது அது தீங்கற்றது; மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் கூட. கரையில் குவிந்து அழுகத் தொடங்கியதும் அழுகிய முட்டையின் நாற்றம் எழுகிறது, ஓரத்து நீர் தேநீர் நிறமாகிறது. விடுதிக்காரர்கள் விடியற்காலையில் கவைக்கோல்களோடும் தள்ளுவண்டிகளோடும் இறங்கிக் கரையைத் துப்புரவு செய்து முடிப்பதற்குள் அடுத்த குவியல் வந்து சேரும் நாட்கள் உண்டு. எனவே புவேர்தோ மொரேலோஸ் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓர் ஊர், மே முதல் ஜூலை வரை வேறோர் ஊர். குளிர்காலத்திலும் ‘நோர்தே’ எனப்படும் வாடைக்காற்று இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வீசும்போது படகுகள் துறையை விட்டு நகர்வதில்லை. இதோடு விலைவாசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கான்கூனின் நிழலில் இருப்பதால் உணவுப் பட்டியலிலேயே டாலர் நுழைந்துவிட்டது. வடக்கிலும் தெற்கிலும் எல்லாம் உள்ளடங்கிய பெருவிடுதிகள் நெருங்கி வருகின்றன. இந்த நான்கில் தன் சிற்றூர்த் தன்மையை முதலில் இழக்கப் போவது இதுதான் என்பது என் கணிப்பு.

சான் பாஞ்சோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புவேர்தோ வயார்தா விமான நிலையத்துக்கு வடக்கே, போக்குவரத்து நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரத் தொலைவில், சயுலிதாவைத் தாண்டி இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் சான் பிரான்சிஸ்கோ. பாஞ்சோ என்பது பிரான்சிஸ்கோவின் செல்லப்பெயர். 1970 முதல் 1976 வரை குடியரசுத் தலைவராயிருந்த லூயிஸ் எச்செவெர்ரியா இங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு, மூன்றாம் உலக நாடுகளுக்கு முன்மாதிரியான ஊராக இதை ஆக்க முனைந்தார். மருத்துவமனையும் கல் பாவிய தெருக்களும் அக்காலத்தவை. கடலை நோக்கி இறங்கும் முதன்மைத் தெருவுக்கு இன்றும் ‘மூன்றாம் உலகம்’ என்றே பெயர்; அத்தெருவில் இப்போது விலையுயர்ந்த காப்பிக்கடைகள் இருப்பதை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஊர் அழகானது, இரவில் அமைதியானது, சயுலிதாவின் இரைச்சல் மலைமுகட்டுக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் கரையிலிருந்தே கண்ணில் படும். ஆனால் கரை செங்குத்து, அலை முரட்டுத்தனமானது, ஒதுங்கி நீந்த ஒரு மூலை கூட இல்லை. அலைமேல் பலகைச் சறுக்கலில் தேர்ந்தவர்களுக்கு அது குறையில்லை. முன்வைத்த முதல் கேள்விக்கு இவ்வூரிடம் நல்ல விடை கிடையாது, வாடகையும் குறைவில்லை. நான் இதைப் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன்.

பார்ரா தெ நவிதாத் வேறு வகை. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நாக்கு நீட்டியது போன்ற ஒரு மணல்திட்டு, அதன் மேல் இரண்டு மூன்று தெருக்கள், அவ்வளவுதான் ஊர். பார்ரா என்றால் மணல்திட்டு, நவிதாத் என்றால் கிறிஸ்துமஸ். 1540-இல் ஸ்பானிய அரசப் பிரதிநிதி அந்தோனியோ தெ மெந்தோசா வந்திறங்கிய நாள் டிசம்பர் 25 என்பதால் இந்தப் பெயர். 1564 நவம்பர் 21 அன்று ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் கப்பல்கள் பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். மறுஆண்டு, அவரோடு சென்ற துறவி உர்தானேதா திரும்பும் வழியைக் கண்டறிந்து அகபுல்கோவை அடைந்த பிறகு, இரண்டரை நூற்றாண்டுக் காலம் மணிலாக் கப்பல்கள் பசிபிக்கின் இரு கரைகளையும் இணைத்தன. அந்தக் கப்பல்களில் சோழமண்டலக் கரைத் துணிகளும் சென்றன. மெக்சிகோவில் உழவரும் மீனவரும் கழுத்தில் கட்டும் சிவப்புக் கைக்குட்டைக்குப் ‘பலியகாதே’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயரே அப்படித் திரிந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பக்கத்துக் கொலீமா மாநிலத்தில், இவ்வூருக்கான விமான நிலையம் அமைந்த மன்சனியோவில், சுரைக்குடுக்கையைத் தோளில் சுமந்தபடி தெருவில் ‘தூபா’ விற்பார்கள். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கொண்டுவந்த கலை அது. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பானம். காலையில் இனிக்கும், பொழுது ஏற ஏறப் புளிக்கும். வேர்க்கடலையைத் தூவித் தருவதை மட்டும் நம்மூரில் பார்த்ததில்லை.

இந்த வரலாற்றுக்காக யாரும் அங்கே தங்க வேண்டியதில்லை. தங்குவதற்கான காரணம், ஊர் சமதளத்தில் இருக்கிறது என்பதும், கடல் முரண்டு பிடிக்கும் நாளில் போக்கிடமாக உப்பங்கழி இருக்கிறது என்பதும்தான். கடற்பக்கத்தில் அலை கரையிலேயே அடிக்கிறது, மணலும் அரித்துப் போயிருக்கிறது. ஆனால் கழிப்பக்கத்துத் துறையில் ‘பாங்கா’ எனப்படும் சிறு படகில் ஏறினால், ஐந்து பத்து நிமிடங்களில் எதிர்க்கரையிலுள்ள கொலிமியாவில் இறங்கலாம். அங்கே நீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் உணவகங்களில் இறாலும் மீனும் உண்டுவிட்டு, பிற்பகல் முழுவதையும் அங்கேயே கழித்துத் திரும்பலாம். நீந்த வேண்டுமென்றால், அதே விரிகுடாவின் மறுகோடியில் உள்ள மெலாக்கேக்குப் பேருந்தில் பதினைந்து நிமிடம்; அதன் மேற்கு மூலையில் பாறைகள் அலையைத் தடுப்பதால் நீர் அடங்கிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கும் முதியவர்கள் இவ்வூரை ஏன் விடுவதில்லை என்பது இரண்டு நாள் இருந்தாலே புரியும். படிக்கட்டு இல்லை, மருந்துக்கடையும் பேருந்தும் வங்கி இயந்திரமும் நடை தூரத்தில் இருக்கின்றன, இரவு பத்து மணிக்குத் தெரு அடங்கிவிடுகிறது.

அவ்வூரில் என்னை நெடுநேரம் நிறுத்திய காட்சி கடலன்று, சான் அந்தோனியோ தேவாலயத்துச் சிலுவை. அதில் இயேசுவின் கைகள் விரிந்திருக்கவில்லை; தோளிலிருந்து கழன்று உடலோடு ஒட்டித் தொங்குகின்றன. 1971 செப்டம்பரில் லில்லி புயல் ஊரைத் தாக்கியபோது மக்கள் கோவிலுக்குள் ஒதுங்கினர். அப்போது சிலையின் கைகள் கீழே சரிந்தன, புயலும் தணிந்தது என்பது ஊரார் நம்பிக்கை. அதன் பிறகு கைகளைத் திரும்பப் பொருத்தாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். தோளில் வெடிப்பு ஓடிய இடம் அருகில் சென்று பார்த்தால் தெரியும். சாய்ந்த கலங்கரை விளக்கத்தை நிமிர்த்தாத புவேர்தோ மொரேலோஸும் கைகளை ஒட்டாத பார்ராவும் புயலோடு வாழப் பழகிய ஊர்கள். விடுமுறைக்கு வருபவர் அந்தப் பழக்கம் இல்லாதவர் என்பதால் பருவத்தைக் குறித்துக் கவனம் தேவை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இனி வஹாக்கா கரை. உவாதுல்கோ விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம், புவேர்தோ எஸ்கொந்திதோவிலிருந்து அதற்குச் சற்று மேல். பொச்சுத்லா என்னும் சிறுநகர் வரை பேருந்திலோ வாடகை வண்டியிலோ வந்து, அங்கிருந்து பின்பக்கத்தில் இரண்டு பலகை பொருத்தித் தார்ப்பாய் கட்டிய சிறு சரக்கு வண்டியில் ஏறிக் கடலோரச் சாலையில் போனால் முதலில் சிப்போலிதே, அடுத்து சான் அகுஸ்தினியோ, கடைசியில் மசுந்தே. வஹாக்கா நகரிலிருந்து மலை தாண்டி வர முன்பு ஆறேழு மணி நேரமும், வளைவுகளில் தாங்கும் வயிறும் வேண்டியிருந்தன. 2024 பிப்ரவரியில் புவேர்தோ எஸ்கொந்திதோவை நோக்கிப் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பயணம் ஏறக்குறைய மூன்று மணி நேரமாகக் குறைந்துவிட்டது. பயணிகளுக்கு அது நல்ல செய்தி. வார இறுதி அமைதியை நாடி வருபவர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தியன்று.

இவ்விரண்டு ஊர்களும் ஒரு காலத்தில் ஆமை அறுத்து வாழ்ந்தவை. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் ஆமைகளை அறுக்கும் கூடம் சான் அகுஸ்தினியோவில் இருந்தது. 1990-இல் குடியரசுத் தலைவர் கார்லோஸ் சலீனாஸ் கடலாமை வேட்டைக்கு நாடு முழுவதும் தடை விதித்ததும், ஊரின் பிழைப்பே நின்றுபோயிற்று. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் மசுந்தேயின் ஆமை ஆய்வு மையமும், ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் இயற்கை ஒப்பனைப் பொருள் கூட்டுறவும், கடற்கரையில் கீற்று வேய்ந்த தங்குமிடங்களும். அருகிலுள்ள வெந்தானியாவில், முன்னர் ஆமை பிடித்தவர்களே அலையாத்திக் கழியில் துடுப்புப் படகு ஓட்டி முதலைகளையும் நீர்ப்பறவைகளையும் காட்டுகிறார்கள். சற்று மேற்கே உள்ள எஸ்கோபியா கரையில் இன்றும் பங்குனி ஆமைகள் மழைக்காலம் தொடங்கி ஆண்டிறுதி வரை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கரையேறி முட்டையிடுகின்றன. வேற்றூர் முதலாளிகள் கட்டிய விடுமுறைத்தலமாக இல்லாமல், தொழில் மாறிய ஓர் ஊரின் வாழ்க்கைக்குள் விருந்தாளியாகத் தங்குகிறோம் என்ற உணர்வு இங்கே உண்டு. என் தராசில் அது எடையுள்ள படிக்கல்.

ஆனால் கடல்? சிப்போலிதேயை விட்டுவிடுவோம், நீர் ஆபத்தானது என்பதோடு, ஆடையின்றி உலவ 2016 முதல் முறையான இசைவு பெற்ற கரை அது என்பதையும் குடும்பத்தோடு செல்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மசுந்தேயின் நீண்ட கரையிலும் அலை வலுவானது; மேற்குக் கோடியில் ரிங்கோன்சித்தோ எனப்படும் மூலை மட்டும் குன்றின் மறைவில் அடங்கியிருக்கிறது. சான் அகுஸ்தினியோவின் மேற்கு முனையில் பாறைகள் கொஞ்சம் அரண் தருகின்றன. மீன்படகுகள் ஒதுங்கும் இடமும் அதை ஒட்டியதே. காலையில் அவை கரையேறுவதைப் பார்க்கலாம்: படகோட்டி கரைக்கு நேரே சற்றுத் தொலைவில் நின்று அலைகளை எண்ணுவது போலக் காத்திருக்கிறார், கரையில் நிற்பவர்கள் நீரிலுள்ளோரை விலகச் சொல்லிக் கையசைக்கிறார்கள், ஏற்ற அலை ஒன்றைத் தேர்ந்ததும் இயந்திரத்தை முழுவேகத்துக்கு முடுக்கி, அலையின் முதுகிலேயே வந்து, கடைசி நொடியில் சுழலியைத் தூக்கிவிட, படகு மணலில் வழுக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி மேலேறி நிற்கிறது. அந்த அலைக் கணக்கை அறியாதவர் எங்கே இறங்க வேண்டும், எங்கே கூடாது என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. காலை ஒன்பது மணிக்கு முன், குளிர்கால மாதங்களில், அந்த மூலையில் இடுப்பளவு நீரில் நிம்மதியாக நிற்க முடிகிறது. பிற்பகலில் பல நாட்கள் முடிவதில்லை. புவேர்தோ மொரேலோஸுக்கு நிகராக இதைச் சொல்ல மாட்டேன். சான் பாஞ்சோவைவிட மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

மாலைக்குப் புந்தா கொமேதா இருக்கிறது. மசுந்தேயிலிருந்து காட்டுப்பாதையில் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடக்கூடிய முனை. வஹாக்கா மாநிலத்தின் தென்கோடி. குளிர்காலத்தில் சூரியன் கடலில் மறைவதை அங்கிருந்து முழுமையாகக் காணலாம். எல்லோரும் அதே நேரத்தில் அங்கேதான் கூடுகிறார்கள் என்பதால், விடியற்காலையில் செல்வதையே நான் விரும்புகிறேன்; அப்போது உடன்வருபவை கூழைக்கடாக்கள் மட்டுமே. இரவுக்கு மசுந்தேயைவிட சான் அகுஸ்தினியோ நல்லது. மசுந்தேயில் யோகப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களும், அவர்களுக்கான இசையும் நள்ளிரவு வரை விழித்திருக்கிறார்கள். சான் அகுஸ்தினியோ ஒரே தெரு. ஒருபுறம் கடல், மறுபுறம் குன்று. குன்றின் மேல் உள்ள அறைகளுக்குக் காற்றும் காட்சியும் சிறப்பு, ஆனால் அறுபது எழுபது படிகள் ஏற வேண்டியிருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களோடு போய் அந்தப் படிகளை நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. கடலோர அறைக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தை அன்றே கணக்குப் பார்த்தேன். மின்சாரம் அவ்வப்போது நிற்கும். தேள் உண்டு, செருப்பை உதறிவிட்டுப் போடும் நம் ஊர் வழக்கம் இங்கே பயன்படுகிறது.

உணவில் நான்கு ஊர்களும் சமமல்ல. மீன் உண்பவர்களுக்கு எங்கும் குறையில்லை: நயரித், ஹலிஸ்கோ கரையில் மீனைப் பிளந்து மசாலா தடவிக் கம்பித்தட்டில் சுடும் சரந்தியாதோ, கரீபியன் கரையில் ஆச்சியோத்தே என்னும் சிவப்பு விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பூசி வாழையிலையில் வைத்துச் சுடும் திக்கின் ஷிக். சைவ உணவினருக்கு வஹாக்காவே ஏற்றது. பெரிய, மொறுமொறுப்பான சோள ரொட்டியின் மேல் அவரை விழுதும் நூல்நூலாகப் பிரியும் பாலாடைக்கட்டியும் பரப்பிய த்லாயுதா ஒருவேளை உணவுக்குப் போதும். ஆனால் அதன் அடியில் தடவும் ‘அசியெந்தோ’ பன்றிக்கொழுப்பு. அவரையைத் தாளிப்பதும் பல இடங்களில் அதே கொழுப்பில்தான். ‘சின் அசியெந்தோ, சின் மந்தேகா’ என்று சொல்லிக் கேட்டால் புரிந்துகொண்டு மாற்றித் தருவார்கள். மாங்காயிலும் வெள்ளரியிலும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் பிழிந்து கடற்கரையில் விற்பது எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

பருவத்தைப் பொறுத்தவரை நான்குக்கும் பொதுவான விதி நவம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை என்பதே. பசிபிக்கில் புயற்காலம் மே 15 அன்றும் அட்லாண்டிக்கில் ஜூன் 1 அன்றும் தொடங்கி இரண்டுமே நவம்பர் 30 வரை நீடிக்கின்றன. மே மாதம்தானே என்று எண்ணிவிடவும் கூடாது: 2022 மே 30 அன்று அகதா புயல், மசுந்தேக்குச் சற்றுக் கிழக்கே உள்ள புவேர்தோ ஆங்ஹெலுக்கு அருகில், இரண்டாம் வகைப் புயலாகவே கரையைக் கடந்தது. நல்ல பருவத்துக்குள்ளும் தவிர்க்க வேண்டிய இரண்டு வாரங்கள் உண்டு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையும், ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலும் மெக்சிகோ முழுவதும் கடலுக்கு வந்துவிடுகிறது. அறை விலை ஏறுகிறது, கரையில் பாட்டுப்பெட்டிகள் முழங்குகின்றன. ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி முடிவு வரை உள்ள காலமே என் தெரிவு.

நடைமுறைச் செய்திகள் சில. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, பிரித்தானிய, ஜப்பானிய அல்லது ஷெங்கன் விசாவோ அந்நாடுகளின் நிரந்தர வதிவுரிமையோ இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா இன்றி நுழையலாம். குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. தங்குமிடங்களில் இருபது லிட்டர் குடுவை வைத்திருப்பார்கள். ரொக்கப் பணம் எங்கும் வேண்டும், சான் அகுஸ்தினியோவில் மிக அதிகமாக. வங்கிக் கிளைக்குப் பொச்சுத்லா வரை போக வேண்டும் என்பதால் வழியிலேயே எடுத்துக்கொண்டு வருவது நல்லது. மெக்சிகோவில் கடற்கரை எல்லாமே பொதுவுடைமை. நிழற்குடையும் நாற்காலியும் போட்டிருக்கும் உணவகத்தில் உட்கார்ந்தால் குறைந்தது இவ்வளவுக்கு உண்ண வேண்டும் என்று கேட்பார்கள். மணலில் துண்டை விரித்து உட்காருபவரை யாரும் எழுப்ப முடியாது.

எனவே யாருக்கு எது? ஒரு வாரமே இருப்பவர்களும், சிறு பிள்ளைகளோடு செல்பவர்களும், நீந்தத் தெரியாமல் நீரில் இருக்க விரும்புபவர்களும், குளிர்காலமாயின் புவேர்தோ மொரேலோஸுக்கே செல்ல வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு என்றால் செல்ல வேண்டாம். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கும், ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் தங்குபவர்களுக்கும் பார்ரா தெ நவிதாத். மன்சனியோவுக்கு வெளிநாட்டு விமானங்கள் குறைவு, அவற்றிலும் பல குளிர்காலத்தில் மட்டுமே வருபவை. மெக்சிகோ நகரத்தில் மாறி வர வேண்டியிருக்கலாம் என்ற ஒன்றே அதன் குறை. இரண்டு வாரம், இருவர், முழங்காலில் வலியில்லை, கையில் இரண்டு மூன்று நூல்கள் என்ற நிலையில் நான் மறுபடியும் சான் அகுஸ்தினியோவுக்கே செல்வேன். கடல் அங்கே முழுவதும் நம் விருப்பத்துக்கு அடங்காது என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் நீர், அதன் பின் கீற்று நிழலில் கட்டிய வலைத்தூளி, மாலையில் மசுந்தே வரை நடை என்று நாள் தானாகவே வகுபட்டுவிடுவதால், அடுத்து என்ன செய்வது என்று எண்ண வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை. மற்ற மூன்று ஊர்களிலும் நாளுக்கு ஒருமுறையாவது அது எழுந்தது. அறையை உறுதி செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுவிடுங்கள்: தெருவிலிருந்து அறைக்கு எத்தனை படிகள், கரையின் மேற்கு முனைக்கு எவ்வளவு தூரம்.